‘ஒரு வகைப் பறவை’

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் ‘இலக்கியமும் இயற்கையும்’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். முதல், கரு, உரி என்று தொடங்கி ஐந்திணைகளையும் சுற்றி வருவதற்கு அது ஏற்ற தலைப்பு. அவ்வாறு பேசிய மேடைகள் பல. நானும் அவற்றுள் சிலவற்றில் பேசியிருக்கிறேன். இன்று அவ்வாறு செய்யாமல், தொல்காப்பியர் கருப்பொருள் வரிசையில் வைத்த ‘புள்’ என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனுள்ளும் ஒரே ஓர் இனத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அப்பறவையின் பெயரால் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊரே வழங்குகிறது. ஊர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது, பறவை வருவதில்லை. திருக்கழுக்குன்றத்தைத்தான் குறிப்பிடுகிறேன் என்பது தங்களுக்குப் புரிந்திருக்கும்.

வகுப்பறையில் எழுந்த வினா

சென்ற கல்வியாண்டில் இளங்கலை மாணவியர்க்குப் புறநானூற்றுப் போர்க்களப் பாடல் ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘பாறு’ என்ற சொல் வந்தது. “பாறு என்பது ஒரு வகைப் பறவை, கழுகு இனத்தைச் சேர்ந்தது” என்று பொருள் கூறி, அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவள். “எந்த வகைங்க அம்மா?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. இதைச் சபையில் ஒப்புக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் முனைவர் பட்ட ஆய்வே சங்க இலக்கியப் பறவைகளைப் பற்றியது. பறவைப் பெயர்களை அகரவரிசைப்படுத்தி, இன்ன நூலில் இத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணி, அட்டவணைகள் போட்டுப் பட்டம் பெற்றவள் நான். அந்த அட்டவணையில் ‘எருவை – பருந்து வகை’ என்றும், ‘பாறு – கழுகு வகை’ என்றும் எழுதியிருந்தேன். ஆய்வைத் திருத்தியவர்களும் கேட்கவில்லை. வாய்மொழித் தேர்விலும் எவரும் கேட்கவில்லை. பி.எல். சாமி போன்ற அறிஞர்கள் சங்கப் புள்ளினங்களை விலங்கியல் நோக்கில் அடையாளம் காண எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள். அவர்தம் நூலை மேற்கோளுக்குப் பயன்படுத்தினேனேயன்றி, அது காட்டிய வழியில் நடந்து ஒரு பறவையையேனும் நான் தேடிச் சென்றதில்லை.

‘ஒரு வகைப் பறவை’, ‘ஒரு வகை மரம்’, ‘ஒரு வகை மீன்’ என்ற தொடர்கள் நம் உரைகளிலும் அகராதிகளிலும் எத்தனை இடங்களில் வருகின்றன! பழைய உரையாசிரியர்கள் ‘புள் விசேடம்’, ‘மர விசேடம்’ என்று எழுதினார்கள். அவர்களைக் குறை கூற இயலாது. அவர்கள் காலத்தில் படிப்பவன் வெளியே சென்று பார்த்துக்கொள்ள முடிந்தது. ஊரார் அடையாளம் காட்டினார்கள். அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்ட நம்மேல்தான் பிழை. அச்சொல்லுக்கு உரிய பொருள் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருந்தபோது, ‘ஒரு வகை’ என்று சொல்லிவிட்டு நாம் அமைதியடைந்தோம்.

குன்றின்மேல் இரு பறவைகள்

திருக்கழுக்குன்றம் பழம்பெருமை வாய்ந்தது. தேவார மூவரும் பாடிய பதி, மணிவாசகரும் பாடியிருக்கிறார். ஆகவே ‘கழுகு’ என்னும் பெயரோடு அக்குன்று வழங்கத் தொடங்கி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது. மலைமேல் வேதகிரீசுவரர் கோயில். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்ல வேண்டும். இறங்கும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் இங்கு வந்து, அம்மண்டபத்தில் தம் பெயர்களைக் கீறிச் சென்றிருக்கிறார்கள். குன்றின்மேல் பறவைகளுக்கு உணவிடும் வழக்கத்தைக் கண்டு வியந்தவர்களுள் அவர்களும் அடங்குவர்.

தலபுராணச் செய்தி நீங்கள் அறிந்ததே. எட்டு முனிவர்கள் சாபத்தால் கழுகுகளாயினர். யுகத்துக்கு இருவராக இங்கே வழிபட்டு வீடு பெறுவர். திரேதா யுகத்துக்கு உரியோர் சம்பாதியும் சடாயுவும். கலியுகத்துக்கு உரியோர் இறுதி இருவர். நாள்தோறும் நண்பகலுக்கு முன்னர் இரண்டு பறவைகள் வந்து, அதற்கென்று அமர்த்தப்பட்டவர் கையிலிருந்து அரிசியும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அமுதை உண்டு பறந்து செல்லும். இதனாலேயே இவ்வூர் ‘பட்சி தீர்த்தம்’ என்று வடநாட்டாருக்கும் அறிமுகமாயிற்று. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1977ஆம் ஆண்டில், பறவை நோக்கர்களுக்கான செய்திமடல் ஒன்றில் இப்பறவைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஐந்தாம் வகுப்பு மாணவியாக இருந்தபோது என் ஆயாவோடு இருமுறை அம்மலை ஏறியிருக்கிறேன். முதல்முறை பறவை வந்தது. பெரிய கரிய கழுகை எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றம். அழுக்கு வெண்மை நிறம், மஞ்சள் முகம், சிறகின் ஓரத்தில் கருமை, பாறைமேல் இறங்கிக் கோழியைப் போல் நடந்து வந்தது. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாம் முறை சென்றபோது நெடுநேரம் காத்திருந்தும் பறவை வரவில்லை. கூட்டத்தில் ஒருவர், “யாரோ பாவம் செஞ்சவங்க வந்திருக்காங்க, அதான் வரல” என்றார். அப்படிச் சொல்வது அங்கே வழக்கம். அன்று காலை ஆயாவின் சுருக்குப்பையிலிருந்து கேளாமல் நாலணா எடுத்திருந்த எனக்கு உடல் நடுங்கிவிட்டது. பறவை வராததற்கு நானே காரணம் என்று நம்பினேன். இறங்கும்போது அந்த நாலணாவை உண்டியலில் போட்டேன்.

1990களின் பிற்பகுதியில் அப்பறவைகள் வருவது முற்றிலும் நின்றுபோயிற்று. கலியின் கொடுமை என்றனர் சிலர். முனிவர்கள் வீடு பெற்றுவிட்டனர் என்றனர் வேறு சிலர். அவை எந்தப் பறவை, அதே காலத்தில் நாடு முழுவதும் அதன் இனத்துக்கு என்ன நேர்ந்தது என்று இலக்கியம் படித்த நாம் கேட்கவில்லை.

கழுகும் பாறும் எருவையும்

மாணவியின் வினாவுக்குப் பிறகு நான் மீண்டும் படித்ததைச் சுருங்கக் கூறுகிறேன்.

இன்று நாம் ‘கழுகு’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு இனங்களைக் குறிக்கிறோம். உயிருள்ள இரையைத் தானே வேட்டையாடித் தின்பது ஒன்று. இறந்த உடலைத் தின்பது மற்றொன்று. முன்னதற்குத் தலையிலும் கழுத்திலும் இறகு உண்டு; காலில் இரையைப் பற்றித் தூக்கும் வலிய உகிர் உண்டு. பின்னதற்குத் தலையும் கழுத்தும் பெரும்பாலும் இறகின்றி இருக்கும். பிணத்தினுள் தலையை விட்டு உண்பதற்கு அதுவே வசதி. அதன் உகிர் பற்றித் தூக்குவதற்கு உதவாது. பிணந்தின்னும் இவ்வினத்துக்குச் சங்கத் தமிழ் தனிச் சொற்களை வைத்திருந்தது. ‘பாறு’ அவற்றுள் ஒன்று, ‘எருவை’ மற்றொன்று. பறவைப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தமிழர்கள் அண்மைக் காலத்தில் ‘பாறு’ என்ற சொல்லை மீட்டெடுத்து வழங்கிவருகிறார்கள். புலவர்கள் கைவிட்ட சொல்லைக் காடு சுற்றுவோர் எடுத்துக்கொண்டனர் என்பது நாம் நாணத்தக்கதும் மகிழத்தக்கதுமாகும்.

எருவையை நோக்குங்கள். அகராதியில் அதற்கு இரத்தம், செம்பு, கழுகு, ஒரு வகைக் கோரை எனப் பல பொருள்கள் உள்ளன. இரத்தமும் செம்பும் சிவப்பு. சங்கப் புலவர் எருவைக்குச் சிவந்த செவியைச் சொல்கின்றனர். பறவைக்குச் செவிமடல் ஏது என்று நான் மாணவப் பருவத்தில் நினைத்ததுண்டு. செந்தலைப் பாறு என்று இன்று வழங்கும் பறவையின் படத்தைப் பார்த்ததும் ஐயம் அகன்றது. அதன் தலையும் கழுத்தும் சிவப்பு. கன்னத்தின் பின்னே இருபுறமும் செந்நிறத் தோல் மடல்கள் தொங்குகின்றன. புலவர் கற்பனை செய்யவில்லை, கண்டதைச் சொன்னார். உரைமரபில் எருவைக்குத் ‘தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து’ என்று பொருள் கூறப்பட்டதும் உண்டு. அது குளக்கரைகளில் நாம் காணும் செம்பருந்துக்குப் பொருந்துமேயன்றிப் பிணந்தின்னும் பறவைக்குப் பொருந்தாது. பொருள் மயக்கம் நம் காலத்தில் மட்டும் தொடங்கியதன்று என்பது இதனால் விளங்கும்.

தென்னாட்டில் இவ்வினத்துள் நான்கு குறிப்பிடத்தக்கவை: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள் முகப் பாறு. கழுக்குன்றத்தில் அமுதுண்டவை நான்காவதாகச் சொன்ன மஞ்சள் முகப் பாறு. அம்மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். கால்நடைகளின் சாணத்தைத் தின்பதால் கிடைக்கும் நிறமியே அதற்குக் காரணமாம். இழிந்தது என்று நாம் ஒதுக்குவதிலிருந்து அது தன் அழகைப் பெறுகிறது.

முதல் மூன்றும் இன்று உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்னும் நிலையில் உள்ளன. காட்டில் ஓர் இனம் முற்றிலும் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது. வெண்முதுகும் கருங்கழுத்தும் 2000ஆம் ஆண்டிலும், செந்தலை 2007ஆம் ஆண்டிலும் அந்நிலைக்கு வந்தன. மஞ்சள் முகப் பாறு 2007இல் அதற்கு முந்தைய ‘அருகிய இனம்’ என்னும் நிலையில் சேர்க்கப்பட்டது.

அழிவு வந்த வழி

1980கள்வரை இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ஊர்ப்புறத்தில் மாடு இறந்தால் ஒரு நாளில் எலும்பு மட்டுமே எஞ்சும். 1992ஆம் ஆண்டுக்கும் 2007ஆம் ஆண்டுக்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரத்துக்கு ஒன்று எஞ்சியது என்று பொருள். கருங்கழுத்துப் பாறு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் எஞ்சியது. மனிதர் நடுவே வாழ்ந்த பறவையினங்களுள் இவ்வளவு விரைவான வீழ்ச்சி மிக அரிது.

காரணம் பல ஆண்டுகள் விளங்கவில்லை. நோய் என்று கருதினர். 2004ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் ஆய்வு செய்த குழு ஒன்று உண்மையை வெளிப்படுத்தியது. காய்ச்சலும் வீக்கமும் வலியும் கண்ட மாட்டுக்கு இடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மலிவான மருந்தே காரணம். மருந்திட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்தால் மருந்தின் எச்சம் அதன் உடலில் தங்குகிறது. அதனை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வேண்டிய உப்பு, வெண்சுண்ணம் பூசியதுபோல் உள்ளுறுப்புகளின்மேல் படிகிறது. சில நாட்களில் பறவை இறக்கிறது. இறந்த கால்நடைகளுள் நூற்றில் ஒன்றில்கூட அம்மருந்து இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைந்த அளவே இவ்வழிவுக்குப் போதுமானது என்று கணித்திருக்கிறார்கள். ஒரு பிணத்தைப் பல பாறுகள் கூடி உண்ணும் என்பதே அதற்குக் காரணம். ஆண்டுக்கு ஓரிரு முட்டை மட்டும் இடும் இவ்வினத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை.

கால்நடைக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்வதைத் தடுக்க 2015இல் குப்பியின் அளவைக் குறைத்தது. பாறுகளுக்குக் கேடான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை கால்நடை மருத்துவத்தில் 2023இல் தடை செய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து உள்ளது.

பாறுகள் மறைந்தபின் பிணங்களை நாய்கள் எடுத்துக்கொண்டன. நாய்க்கடியும் வெறிநோயும் பெருகின; நீர்நிலைகள் கெட்டன. பாறுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று 2024இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று கணிக்கிறது. போர்க்களத்தில் பாறு வட்டமிடுவதைப் புலவர்கள் அச்சத்தின் அறிகுறியாகப் பாடினார்கள். பாறு இல்லாத வானம் அதனினும் அச்சம் தருவது என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

கழுக்குன்றத்துக்கு வந்த அந்த இரு பறவைகளும் இம்மருந்தால்தான் மடிந்தன என்று நான் சொல்ல வரவில்லை. தனி ஓர் இணையைப் பற்றி அவ்வாறு முடிவு கூறுதல் நேர்மையாகாது. ஓர் இணை முதுமையடைந்தபோது அதன் இடத்துக்கு மற்றோர் இணை வந்துகொண்டிருந்த வரிசை எங்கோ அறுந்துவிட்டது என்பதே நான் குறிப்பது.

உலகப் பரப்பில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. செம்பட்டியலில் ‘மிக அருகிய’ நிலையில் உள்ள உயிரினங்கள், மரஞ்செடிகளையும் சேர்த்து, ஏறத்தாழப் பத்தாயிரம். மெக்சிகோவின் கலிபோர்னிய வளைகுடாவில் வாக்கிட்டா என்னும் சிறு கடற்பன்றி பத்து அளவிலேயே எஞ்சியிருக்கிறது. வேறொரு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி அது அழிகிறது. வடவெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018இல் கென்யாவில் இறந்தது. இரண்டு பெண்கள் மட்டும் உள்ளன. தென்னாப்பிரிக்கக் காடு ஒன்றில் 1895இல் கண்டெடுத்த ஒரு வகை ஈந்துப்பனை போன்ற மரம், வுட் என்பாரின் பெயரால் வழங்குவது, காட்டில் இன்று இல்லை. உலகத் தோட்டங்களில் உள்ளவை அனைத்தும் அந்த ஒற்றை ஆண் மரத்தின் கன்றுகள். பெண் மரம் இதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு இதனினும் கொடிய கருப்பொருள் வேண்டுமா?

நம் கடற்கரையில்

தொலைவில் செல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்தம் துணைவியாரும் தொடங்கிய முதலைப் பண்ணை உள்ளது. சங்க இலக்கியம் முதலை, இடங்கர், கராம் என மூன்று சொற்களை வழங்குகிறது. நம் உரைகள் இவற்றை ‘முதலையின் வகைகள்’ என்று கூறி அமைகின்றன. இந்தியாவிலும் முதலையினம் மூன்றே: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீண்ட மூக்குடைய கரியால். இறுதியாகச் சொன்னது வடநாட்டு ஆறுகளுக்கு உரியது. மிக அருகிய இனம். வடநெம்மேலியில் அதனை நேரில் காணலாம். சொல் மூன்றும் விலங்கு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நான் அவசரப்பட்டு முடிவு கட்டமாட்டேன். இடங்கரையும் கராத்தையும் பற்றி எழுதும் நாம், அரை நாள் பயணத்தில் சென்று பார்க்கக்கூடியதைப் பார்க்காமல் எழுதலாகாது என்பதே என் கருத்து.

அதே ஊரில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் தொழில் சட்டத்தால் நின்றபின், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்தே முறிமருந்து ஆக்கப்படுகிறது. இம்மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மணலில் பதிந்த தடத்தைக் கண்டே இன்ன பாம்பு என்று கூறவல்ல அவர்கள் ‘ஒரு வகைப் பாம்பு’ என்று சொல்வதில்லை.

ஆமைகளுக்கு வருவோம். நாம் ‘கடலாமை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை நம் மீனவர்கள் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை எனப் பிரித்துச் சொல்கிறார்கள். இவற்றுள் அழுங்காமை, ஓட்டின் அழகுக்காகவே உலகெங்கும் வேட்டையாடப்பட்டு மிக அருகிய நிலைக்கு வந்தது. பங்குனி ஆமை நம் கரையில் முட்டையிட வருவது. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னை முதல் செங்கற்பட்டுவரையான கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீர்மேல் வந்தாக வேண்டும். இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சடைத்து இறந்துவிடும்.

அகநானூற்றில் நப்பசலையார் பாடல் ஒன்றில், அடும்பங்கொடி படர்ந்த மணலுக்குள் ஆமை இட்ட முட்டையை, குஞ்சு வெளிப்படும்வரை ஆண் ஆமை காத்திருக்கும் என்று வரும். உண்மையில் ஆண் ஆமை கரையேறுவதில்லை. இட்ட தாயும் திரும்பி வருவதில்லை. காவல் இல்லாத முட்டைக்குப் புலவர் தம் அருளால் ஒரு காவலை அமைத்தார் என்று நான் மாணவியர்க்குக் கூறுவேன். இன்று அக்காவலை இளைஞர்கள் செய்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு முழுதும் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். புலவரின் கற்பனை இரண்டாயிரம் ஆண்டு கடந்து உண்மையாகியிருக்கிறது.

நம் கடன்

கவிஞர்களாகிய தங்களிடம் என் வேண்டுகோள் எளியது. பறவையைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் முழங்குவது எளிது. அப்பணியைச் செய்யத் தக்கவர்கள் செய்கிறார்கள். தமிழகத்தில் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்கள் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் காணப்பட்டன. ஆகவே காலம் கடந்துவிடவில்லை.

நாம் செய்யத் தக்கது பெயரைக் காப்பது. கவிதையில் ஒரு பறவை வந்தால் அது எந்தப் பறவை என்று அறிந்து எழுதுவோம். பிணந்தின்னும் பறவைக்குப் பாறு என்ற சொல் இருக்கையில், கொடியவனைச் சுட்ட மட்டும் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று எழுதிவரும் வழக்கத்தை விடுவோம். அது பிறர் விட்டுச்சென்ற அழுக்கைத் தன் வயிற்றில் வாங்கி ஊரைத் தூய்மை செய்த பறவை. அவ்வினத்துச் சடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்தான் என்று கம்பர் காட்டுகிறார். புள்ளிருக்குவேளூரில் அதற்கு நினைவிடமே வழங்குகிறது. அப்படிப்பட்ட பறவையை வசைச்சொல்லாக்கியவர்கள் நாமே.

மற்றொன்று. தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள முதிய மீனவர்களிடமும், நம் மாவட்டத்து இருளர்களிடமும், இவ்வட்டத்தின் உறுப்பினர்கள் சென்று உயிரினப் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். அடுத்த பத்தாண்டுப் பணியாக இதனை மேற்கொள்ளலாம். தொகுத்த பெயர்களை அடுத்த மலரில் வெளியிடுவோம். ‘ஒரு வகை’ என்று நின்றுபோன இடங்களில் ஒன்றிரண்டையேனும் நிறைவு செய்ய இயலும்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வேரி 2022இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் பலர் அன்று சேர்ந்து செய்த செயல் அது.

அன்பர்களே, ஆயாவின் நாலணாவை எடுத்த குற்றத்துக்காகப் பறவை வரவில்லை என்று நம்பிய சிறுமியை இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஆறுதல் சொல்லலாம். நாலணாவுக்காகப் பறவை கோபித்துக்கொள்வதில்லை. ஆயினும் கூட்டத்தில் பாவம் செய்தவர் இருந்தனர் என்று அன்று அப்பெரியவர் சொன்னது முழுப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அறியாமல் மருந்திட்டவர்களும், அறிந்தபின்னும் விற்றவர்களும், அவர்களோடு ‘ஒரு வகைப் பறவை’ என்று எழுதிப் பட்டம் பெற்ற நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம்.

வினா கேட்ட மாணவிக்கு இந்த ஆண்டு விடை கூறினேன். செந்தலைப் பாறின் படத்தையும் மஞ்சள் முகப் பாறின் படத்தையும் கரும்பலகையின் இருபுறமும் ஒட்டி, அந்தப் பாடலை மீண்டும் நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் அவள் மஞ்சள் முகப் பாறின் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் பாட்டியிடம் காட்ட வேண்டுமாம். மறுநாள் வந்து சொன்னாள்: “பாட்டி பார்த்த உடனே கும்பிட்டாங்க அம்மா.”